ஸ்டாட்டிக் லைன்: ஜம்ப்மாஸ்டர் பயிற்சியில எங்க தவறுறாங்க?

கேள்வி (அம்பாறை):
அண்ணமார், உகணைப் பக்கம் பரசூட் இறங்கிறதைப் பார்க்கிற நமக்கு குதிக்கிறவர்தான் தெரியுது. அவரைச் சோதிச்சு அனுப்புற ஜம்ப்மாஸ்டருக்கு எது கஷ்டமான பாடம்?

பதில் 1:
குதிக்க முன் செய்யிற பரசூட், பட்டிச் சோதனைதான் தம்பி. அமெரிக்க இராணுவத் தேர்வில 5 நிமிசத்துக்குள்ள 3 பேரைச் சோதிக்கணும், அதில ஒருத்தர் ஆயுதப் பொதியோட நிப்பார். ஒரு பெரிய பிழையைத் தவறவிட்டாலே தோல்வி. தலைக்கவசம், நெஞ்சுப்பட்டி, ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது பரசூட்), காற்பட்டி, பிறகு முதுகு: இந்த வரிசை மாறவே கூடாது. கை தொடுற இடத்தைக் கண்ணும் பார்க்கணும். வேகத்துக்கு ஆசைப்பட்டு கை முந்தினா, முறுகின பட்டி தப்பிடும்.

பதில் 2:
முதுகுப்பக்கத்தை லேசா விடாதீங்க. ஸ்டாட்டிக் லைன் என்றா விமானத்துக்குள்ள இருக்கிற கேபிள்ல மாட்டிற பட்டி, ஆள் பாயும்போது அதுதான் பரசூட்டை இழுத்துத் திறக்கும். டி-10 (T-10) ரகப் பரசூட்டில அந்த லைன் 15 அடி. அது தோளுக்கு மேலால வரணும். கைக்குக் கீழால போனா, வெளியே பாயிற கணத்தில லைன் இறுகி மேற்கைத் தசையைக் கிழிச்சிடும். லைன் நுனிக் கொக்கியைக் கேபிள்ல மாட்டினதும் பூட்டுக்கம்பி போட்டிருக்கா என்று தொட்டுப் பாருங்க.

பதில் 3:
காற்றையும் சேருங்க. தரையில 13 நொட்டுக்கு (மணிக்கு சுமார் 24 கி.மீ.) மேல என்றா அமெரிக்க முறையில ஆள் இறக்கமாட்டாங்க. ஒருத்தர் விமானத்துக்கு வெளியே லைன்ல தொங்கிட்டா மற்றவங்களை உடனே நிப்பாட்டணும். முதல் முயற்சி உள்ளே இழுக்கிறது. லைனை வெட்டிறது கடைசி வழி.