பின்லாந்தில் வீடு ‘இலவசம்’ என்று எழுதியவருக்கு

பிராட்வே மாலதி | இரவு 8:40
நேத்து இன்னொரு இழையில் வரிகட்டுபவன் எழுதினது இது: “பின்லாந்து குடிகாரனுக்கும் சோம்பேறிக்கும் இலவசமா வீடு கொடுத்துக் கெடுக்குது. அதை இங்கேயும் கொண்டுவரணும்னு பேசுறவங்க முதல்ல தங்களோட சொத்தை எழுதி வைக்கட்டும்.” பதில் போடறதுக்குள்ள அந்த இழையைப் பூட்டிட்டாங்க. அதனால இங்கே.

இலவசம் இல்லை. 2008-லேர்ந்து அங்கே நடக்கிறது என்னன்னா, தெருவுல இருக்கிறவருக்கு முதல்ல வீடு. ‘குடியை விட்டுட்டு வா, வேலை தேடிட்டு வா, அப்புறம் சாவி’ங்கிற பேச்சே கிடையாது. ஆனா வாடகை ஒப்பந்தம் அவர் பேர்ல. வாடகையை அவர் கட்டணும். ஹெல்சிங்கியில இரட்சணிய சேனைங்கிற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்தின, இருநூறு படுக்கைக்கு மேல இருந்த ஒரு விடுதியை எண்பது சொச்சம் தனி வீடா மாத்திட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு, தனி ஒப்பந்தம், தனி வாடகை. வாடகை கட்டுறவனைப் பார்த்து இலவசம்னு எப்படிச் சொல்ல வாய் வருது?

வரிகட்டுபவன் | இரவு 8:52
மேடம், வேலையே இல்லாதவன் கட்டுற வாடகை எங்கேர்ந்து வருது? மரத்துல காய்க்குதா? அரசு பணம். அரசு பணம்னா என்னை மாதிரி மாசச் சம்பளக்காரன் பணம். அப்போ இலவசம். அவ்வளவுதான். 2015 வெள்ளத்துல சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த படத்தைப் போட்டு எங்களுக்கெல்லாம் மனிதாபிமானப் பாடம் எடுத்தீங்களே, அது இன்னும் நினைவிருக்கு.

பிராட்வே மாலதி | இரவு 8:55
வெள்ளத்தை ஏன் இழுக்குறீங்க? அன்னைக்கும் பதில் சொல்ல முடியாமத்தான் படத்தைப் பத்திப் பேசினீங்க. வாடகை கட்டுறாங்க. இலவசம் இல்லை.

ஹெல்சிங்கிவாசி | இரவு 9:10
நான் இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சின்னத் திருத்தம். வீட்டு உதவித்தொகையை ‘கேலா’ என்ற அரசு நிறுவனம் தருகிறது. 2024 ஏப்ரலுக்கு முன்பு, ஏற்கப்பட்ட வாடகைச் செலவில் 80 சதவீதம் வரை தந்தார்கள். இப்போது 70 ஆக வெட்டிவிட்டார்கள். அதுவும் போதாதவருக்கு அடிப்படை உதவித்தொகை தனியாக உண்டு. பல வருடமாக இறங்கிவந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2023 கடைசியில் 3,429 ஆக இருந்தது, 2024 கடைசியில் 3,806 ஆகியிருக்கிறது. இதில் பெரும்பாலானவர்கள் தெருவில் படுப்பவர்கள் அல்ல, நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களையும் இங்கே கணக்கில் எடுக்கிறார்கள்.

வரிகட்டுபவன் | இரவு 9:13
80 சதவீதம்! மிச்சத்துக்கும் உதவித்தொகை! நன்றி சார், என் வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க. இலவசம்.

பிராட்வே மாலதி | இரவு 9:21
உதவி வேற, இலவசம் வேற. வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரைக்கும் வருமான வரியில கழிச்சுக்கிறீங்களே, அது யார் பணம்? உங்க மடிப்பாக்கம் ஃபிளாட்டும் இலவசமா?

வரிகட்டுபவன் | இரவு 9:24
நான் சம்பாதிச்சுக் கட்டின வரியில நான் கழிச்சுக்கிறேன். என் வீட்டை எதுக்கு இழுக்கணும்? இதுதான் உங்க தரம்.

சொல்லேர் | இரவு 9:30
இருவரும் சொல்லையே தவறாகக் கையாள்கிறீர்கள். 2006-ல் ‘இலவச வண்ணத் தொலைக்காட்சி’ என்றார்கள். 2011-க்குப் பின் வந்த மிக்சியும் கிரைண்டரும் ‘விலையில்லா’ ஆயின. பொருள் ஒன்று, மானம்தான் வேறு. பின்லாந்து வீட்டுக்கு ‘மானிய வாடகை வீடு’ என்பதே பொருத்தம். இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை.

கோவை குமரன் | இரவு 9:38
சொல்லேர் அண்ணா, அப்பவும் யாரும் கேக்கல, இப்பவும் கேக்க மாட்டாங்க, விடுங்க. நான் ஒண்ணு கேக்கறனுங்க. அங்க வெளிய படுத்தா விடியறதுக்குள்ள உறைஞ்சு செத்துப் போயிருவான். அதுக்காகக் குடுக்கறாங்க. நம்மூர்ல அப்படி இல்லீங்களே. அதுவும் போக அது அரைக்கோடிச் சொச்சம் சனமுள்ள நாடு. நம்ம நாட்டுல 2011 கணக்கெடுப்புலயே 17.7 லட்சம் பேர் வீடில்லாதவங்க. எங்க போயி வீடு கட்டறது?

பிராட்வே மாலதி | இரவு 9:59
குமரன், அந்த 17.7 லட்சம் எப்படி வந்ததுன்னு தெரியுமா? 2011 பிப்ரவரி 28, ஒரே ஒரு ராத்திரி எண்ணினது. நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம்னு. அந்த ராத்திரி மார்க்கெட்ல மூட்டை இறக்கிட்டு இருந்தவன் எண்ணிக்கையில வந்திருப்பான்னு நினைக்கிறீங்களா? சொந்தக்காரங்க வீட்டுத் திண்ணையில ஒண்டிக்கிட்டு இருந்தவனை எண்ணவே இல்லை. பின்லாந்து எண்ணுது.

குளிர் இல்லைங்கிறீங்க. மே மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு பாரிமுனையில தரையில கை வெச்சுப் பாருங்க, அப்பவும் சுடும். ஐப்பசி மழையில ஷட்டர் ஓரமா ரெண்டடி இடத்துல ஆறு பேர் உக்காந்தே தூங்குவாங்க. நான் சனிக்கிழமை ராத்திரி போற தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. அம்மாவும் பாட்டியும் அதே நடைபாதைதான். கையில வாக்காளர் அட்டை இருக்கு, வீடு இல்லை. ஒரு தகரப் பெட்டி. அதைச் சங்கிலி போட்டு மின்கம்பத்தோட பூட்டி வெச்சிருக்காங்க. உள்ளே பொண்ணோட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஒரு பட்டுப்புடவை, ஆஸ்பத்திரி சீட்டு. சாவி தாலிக்கயிறுல தொங்குது. நடைபாதையைக் காலி பண்ண லாரி வந்து சாமானை அள்ளுறப்போ முதல்ல போறது அந்தப் பெட்டிதான். ரெண்டு தடவை போயிருக்கு.

நகரத்து மக்கள்தொகையில லட்சம் பேருக்கு ஒண்ணுன்னு வீடில்லாதவங்களுக்குக் காப்பகம், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கணும்னு 2010-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அதுக்குக் காரணமே டெல்லியில மார்கழிக் குளிர்ல ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடிச்சதுதான். இந்தக் கணக்குல சென்னைக்கு அறுபதுக்கு மேல வேணும். இருக்கிறதுலயும், நான் போற இடத்துல ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. அந்த அக்கா புருஷனை விட்டுட்டு, வயசுக்கு வந்த பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கே போவாங்க? “தெருவே பரவால்ல, மூணு பேரும் ஒண்ணா இருக்கோம்”னாங்க. அவங்களுக்கு வேண்டியது படுக்கை இல்லை, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ஒரு ரூம். வாடகை தரத் தயார். மாசம் ரெண்டாயிரம் தர்றேன், யாராவது வீடு கொடுப்பாங்களான்னு கேட்டாங்க.

வரிகட்டுபவன் | இரவு 10:06
கதை நல்லா இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. குடிசைக்காரங்களுக்கு அரசு கண்ணகி நகர்ல வீடு கொடுத்தாங்க, பெரும்பாக்கத்துல கொடுத்தாங்க. வாங்கினவன் உள்வாடகைக்கு விட்டுட்டு பழைய இடத்துக்கே வந்து உக்காந்துட்டான். இலவசத்துக்கு மதிப்பு அவ்வளவுதான்.

பிராட்வே மாலதி | இரவு 10:15
கண்ணகி நகர் பாரிமுனையிலேர்ந்து இருபது கிலோமீட்டர். பூ விக்கிறவங்க விடிகாலை மூணு மணிக்குக் கோயம்பேட்டுல நிக்கணும். எந்த பஸ்ல வருவாங்க? 1985-ல பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்குலயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில ஒரு பகுதின்னு. வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னுதான் அவங்க நடைபாதைக்கே வந்தாங்க. பின்லாந்துல 1985-லேயே இதுக்குன்னு ஒரு அறக்கட்டளை தொடங்கி, சாதாரண அடுக்குமாடிகள்ல நடுநடுவே ஒவ்வொரு வீடா விலைக்கு வாங்கினாங்க. ஊருக்கு வெளியே மொத்தமாக் கொண்டுபோய்க் கொட்டலை.

யாழ்_டொரண்டோ | இரவு 10:22
நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச 2009-இல இருந்து 2013 மட்டும் அஞ்சு நகரத்தில, ரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களை வைச்சு இதைச் சோதிச்சுப் பாத்தவை. குலுக்கிப் போட்டு ஒரு பகுதிக்கு நேர வீடு, மற்றப் பகுதிக்கு வழமையான உதவி. வீடு கிடைச்ச ஆக்கள்தான் கூடின காலம் வீட்டில நிலைச்சு நிண்டவை. குடிகாரர் எண்டு சொல்லி ஒதுக்கேல்லை. அகதி முகாமில கூடாரத்தில இருந்து வந்தவன் நான். ‘சோம்பேறி’ எண்டு எழுதுறவர் ஒரு மழைக்காலம் அப்பிடி இருந்து பாக்கட்டும்.

வரிகட்டுபவன் | இரவு 10:25
உங்க கஷ்டத்தை நான் குறை சொல்லலை ஐயா. அந்த வீட்டுக்கு வாடகை யார் கொடுத்தது? அதை மட்டும் சொல்லுங்க.

யாழ்_டொரண்டோ | இரவு 10:27
தங்கடை வருமானத்தில 30 சதவீதம் வரைக்கும் அவையள் குடுத்தவை. மிச்சம் திட்டம் குடுத்தது.

வரிகட்டுபவன் | இரவு 10:28
வருமானமே உதவித்தொகைதானே. இலவசம்.

பிராட்வே மாலதி | இரவு 10:29
ஒப்பந்தம் அவர் பேர்ல. வாடகை பாக்கி வெச்சா நோட்டீஸ் வரும். இலவசத்துக்கு நோட்டீஸ் வருமா?

சொல்லேர் | இரவு 10:33
‘பேர்ல’ அல்ல, ‘பெயரில்’. மானிய வாடகை வீடு என்ற சொல்லை இப்போதும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கோவை குமரன் | இரவு 10:35
அண்ணா, சாமி சத்தியமா விட்ருங்க.

மட்டுறுத்துநர் | இரவு 10:40
சொந்த வீடு, பழைய படங்கள் பற்றிய பேச்சு வேண்டாம். தலைப்பில் நில்லுங்கள்.

வரிகட்டுபவன் | இரவு 10:42
தலைப்பே ‘இலவசம்’தான். அதுலதான் நிக்கிறேன். போன இழையில நான் ஜெயிச்சப்போ பூட்டினது யாருன்னும் சொல்லுங்க.

ஹெல்சிங்கிவாசி | இரவு 10:47
70 சதவீதம் என்று திருத்திப் படிக்கவும். 80 பழைய கணக்கு.

பிராட்வே மாலதி | இரவு 10:51
70-ஓ 80-ஓ, மிச்சத்தைக் கட்டுறது குடியிருக்கிறவர். இன்னைக்கு சனிக்கிழமை, கிளம்புறேன். திரும்பி வர ரெண்டு மணி ஆகும், வந்து பதில் போடுறேன். இதுக்கிடையில வடசென்னைப் பக்கம் மாசம் ரெண்டாயிரத்துக்கு ஒரு ரூம், கூரை போட்டதானாலும் சரி, யாருக்காவது தெரிஞ்சா தனிமடல் அனுப்புங்க. முன்பணம் நான் தர்றேன்.

வரிகட்டுபவன் | இரவு 10:53
முன்பணம் நீங்க கொடுத்தா, அதுவும் அவங்களுக்கு இலவசம்தான்.