கலைச்சொல் வேண்டும்: ஒரு படி இறங்கும் மேல்தொனி

மதுரையிலிருந்து:
அன்புள்ள குழுவினருக்கு, வெள்ளிக்கிழமை முதுகலை வகுப்பில் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் உயரத்தை, நடத்துகிறேன். பாடக்குறிப்பை நாளை இரவு அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்தான் அகப்படவில்லை. இக்போ மொழியில் 'அக்வா' என்பது தொனி மாறினால் அழுகை, துணி, முட்டை, கட்டில் என்று நான்கு பொருள் தரும். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இரண்டு மேல்தொனிகள் அடுத்தடுத்து வரும்போது சில இடங்களில் இரண்டாவது ஒரு படி கீழே நிற்கிறது. பிறகு வரும் மேல்தொனிகளும் அந்தத் தொடர் முடியும்வரை பழைய உயரத்துக்கு ஏறுவதில்லை. மாலியின் பம்பாராவில் 'பா தெ' என்று ஒரே உயரத்தில் சொன்னால் 'ஆறு (நதி) அல்ல'. 'தெ'யைப் படி இறக்கிச் சொன்னால் 'அந்த ஆறு அல்ல'. 'அந்த' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. தனியே ஒலிக்காத ஒரு கீழ்த்தொனி அங்கே இருந்து அடுத்ததைத் தள்ளுகிறது. இந்த இறக்கத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கோவையிலிருந்து:
அம்மா, புதிதாக எதற்கு? உயர்ந்த ஓசைக்கு எடுத்தல், தாழ்ந்த ஓசைக்குப் படுத்தல், இடைப்பட்டதற்கு நலிதல் என்று இலக்கண உரைகாரர்கள் தந்திருக்கிறார்களே. 'படுத்தல்' போதும். படு என்ற வேரின் வளத்தைப் பாருங்கள். படுஞாயிறு என்றால் மறையும் ஞாயிறு. ஆற்றுப் படுகை, வண்டல் படிதல், ஏறி இறங்கும் படி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. கீழே வந்து அங்கேயே தங்குவதுதான் படுதல். நீங்கள் சொல்லும் தொனியும் அதைத்தானே செய்கிறது?

மதுரையிலிருந்து:
ஐயா, அழகான விளக்கம். ஆனால் படுத்தல் என்றால் மாணவர்கள் கீழ்த்தொனி என்றே எடுத்துக்கொள்வார்கள். இங்கே இறங்கிய பிறகும் அது மேல்தொனிதான். பாடத்தின் உயிரே அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

சென்னையிலிருந்து:
'படியிறக்கம்' என்று வையுங்கள், கேட்டதும் புரியும். இன்னொன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஹௌசாவில் மேலும் கீழுமாகத் தொனிகள் மாறி மாறி வரும்போது ஒவ்வொரு மேல்தொனியும் முந்தையதைவிடத் தாழ்ந்துகொண்டே போகும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் அந்தத் தாழ்வு நின்றுவிடும். இப்படித் தாழ்ந்துகொண்டே போவதைச் 'சரிவு' எனலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

தஞ்சையிலிருந்து:
படியிறக்கம் சரி. ஆனால் 'தொனி' வடசொல். தொல்காப்பியர் 'இசை' என்கிறார்: 'எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி இசையின் திரிதல் நிலைஇய பண்பே'. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் இசையால் பொருள் வேறுபடும் என்பது கருத்து. செம்பொன்பதின்தொடி என்பதைச் செம்பொன் பதின்தொடி என்றும் செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிப்பது இசைதானே? தொடரமைப்பை ஓசையால் அறிவது நமக்குப் புதிதல்ல. 'இசைப்படி' என்று இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:
இசைப்படி என்றால் சட்டப்படி, முறைப்படி போல 'இசையின்படி' என்றுதான் காதில் விழும். மேலும் அந்த நூற்பா சொல்லும் இசை, எங்கே சேர்த்து எங்கே நிறுத்துகிறோம் என்பது. அக்வாவின் நான்கு பொருளுக்கு அது பொருந்தாது. தொனி என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யொரூபாவில் 'ஒமொ' என்றால் குழந்தை, 'லொ' என்றால் போதல். 'குழந்தை போனது' என்னும்போது ஒமொவின் கடைசி அசை மேலேறும். எழுவாய் முடிந்து பயனிலை தொடங்கும் இடத்தை அந்த ஏற்றம் காட்டுகிறது. பம்பாராவின் கீழ்த்தொனியும் இப்படித்தான். இவை எழுத்தில்லாத இடைச்சொற்கள். வகுப்பில் அப்படியே சொல்லிப் பாருங்கள், நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மதுரையிலிருந்து:
'எழுத்தில்லாத இடைச்சொல்' என்பதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், நன்றி. மூவர் படியிறக்கத்துக்குச் சம்மதித்திருக்கிறார்கள். அதுவும் சரிவும் அச்சுக்குப் போகின்றன.

கோவையிலிருந்து:
போகட்டும். ஆனால் படியிறக்கம் நடப்பதைச் சொல்கிறதே தவிர, இறங்கிய இடத்திலேயே தங்குவதைச் சொல்லவில்லை. படுத்தல் வேண்டாமென்றால் 'படுநிலை' என்று வைத்திருக்கலாம். நான் அப்படித்தான் எழுதுவேன்.

தஞ்சையிலிருந்து:
தொனியை நான் இன்னும் ஏற்கவில்லை. அப்புறம், பம்பாராவில் ஒலிக்காமல் நின்று அடுத்ததைத் தள்ளுகிற அந்தக் கீழ்த்தொனிக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லையே?