கொச்சிக்கடையில் ஒரு அம்மாவுக்கு இடம் வேண்டும்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட, பூட்டின கடையொன்றின் வாசலில் நாலு மாதமாக ஒரு அம்மா படுக்கிறா. எழுபது வயதிருக்கும், தமிழ் மட்டும்தான் தெரியும். சீனி வருத்தம் (நீரிழிவு). இடது குதிக்காலில் புண், போன கிழமையிலிருந்து நாறத் தொடங்கிவிட்டது.

அங்கே செவ்வாய் நவநாள் செபத்துக்குப் போகும் நாங்கள் மூன்று பேர் சாப்பாடு கொடுக்கிறோம். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று முதியோர் இல்லங்களில் கேட்டோம். அடையாள அட்டை இல்லையாம், முதலில் புண் ஆறட்டுமாம். தெருவில் கிடந்தால் எப்படி ஆறும்? ஊர் ஹட்டன் பக்கம் என்கிறா, தோட்டத்தின் பெயர் ஞாபகமில்லை.

பைபிள் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன நல்ல சமாரியனுக்கு, அவனை வைத்துப் பார்க்க ஒரு சத்திரக்காரனாவது கிடைத்தான்.

எங்களில் ஒருத்தி களைத்துப்போய் வருவதை நிறுத்திவிட்டா. குறை சொல்ல மாட்டேன், எனக்கும் சில நாள் அப்படித்தான். நேற்று அந்த அம்மா, நான் கொடுத்த பாணில் பாதியைப் பிய்த்துப் பேப்பரில் சுற்றி, "இது வராத பிள்ளைக்கு" என்று நீட்டினா.

கொழும்பிலோ வத்தளைப் பக்கமோ, அடையாள அட்டை இல்லாவிட்டாலும் புண்ணோடேயே இவவைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம் எது?