ஆப்பிரிக்கன் ஒச்சு: குளத்துக்கரையில் என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை பக்கத்து விவசாய உறவுகளுக்கு வணக்கம். பப்பாளி, வாழைத் தோப்பில் ஆப்பிரிக்கன் ஒச்சு, அதாவது ஆப்பிரிக்க நத்தை ஏறிவிட்டது. குருத்தையும் பிஞ்சையும் சுரண்டித் தின்கிறது. தோப்பை ஒட்டியே மீன்குளம்.

வழக்கமான மருந்து தெரியும்: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராக வற்றக் காய்ச்சி, 60 கிராம் துருசு (காப்பர் சல்பேட்) கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரோடு கலந்து வடிகட்டித் தெளிப்பது. ஆனால் துருசு குளத்தில் இறங்கினால் மீன் செத்துவிடும். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணையை நாய் தின்றாலும் ஆபத்து.

இப்போது அந்தியில் நனைந்த சாக்கின் கீழ் முட்டைக்கோஸ், பப்பாளி இலை வைத்து, விடியற்காலையில் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுகிறோம். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். உப்பை மண்ணில் கொட்டவும் வேண்டாம், நிலம் கெடும்.

இந்த நத்தையைத் தின்னும் வேறு நத்தையைக் கொண்டுவரலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். 1977இல் பசிபிக் கடலின் மொரேயா தீவில் அப்படி விட்ட ஓநாய் நத்தை, அந்தத் தீவின் சொந்த நத்தைகளையே அழித்தது.

கேட்பது இரண்டுதான். குளத்தோரம் நத்தைக்கு வைக்கும் இரும்பு பாஸ்பேட் குருணை போட்டவர்கள் உண்டா? மழைக்கு எத்தனை நாள் தாங்கியது? கோடையில் ஓட்டின் வாயை அடைத்து மண்ணுக்குள் உறங்கும் நத்தையை எந்த ஆழத்தில் தோண்டி எடுத்தீர்கள்?