அமெரிக்காவில் 25% பிடித்துவிட்டார்கள், இங்கேயும் வரி கட்ட வேண்டுமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. 2022 மே மாதம் ஆர்எஸ்யூவாக (குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தால் கம்பெனி தரும் பங்கு) 40 ஷேர் என் கணக்கில் வந்து விழுந்தது. அப்போதே அதைச் சம்பளத்தோடு சேர்த்து டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். அதில் 20 ஷேரை 2024 டிசம்பரில் ஒன்று 150 டாலர் என்று விற்று, தங்கை கல்யாணத்துக்காகப் பணத்தை இங்கே கொண்டுவந்தேன். அது போக அந்த நிதியாண்டில் டிவிடெண்ட் 120 டாலர், அதில் 30 டாலரை அங்கேயே பிடித்துக்கொண்டு 90 தான் கணக்கில் வரவு வைத்தார்கள்.

இத்தனை வருஷமும் ஐடிஆர் 1 (சம்பளக்காரர்களுக்கான எளிய வருமானவரி ரிட்டர்ன் படிவம்) தான் போட்டுவந்தேன். ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர், "அமெரிக்காக்காரன் வரி எடுத்துட்டான், ஏஐஎஸ்ஸிலும் (வரித்துறை நம்மைப் பற்றித் திரட்டிக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை) எதுவும் காட்டலை, பிறகு எதுக்கு நீங்களா போய்ச் சொல்றீங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரிட்டர்ன் போட 2025 செப்டம்பர் 15 கெடு நெருங்குகிறது, உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் 30% ஸ்லாபில் இருக்கிறேன்.

பனங்காடு:

ஷேர் நியூயார்க் சந்தையில் லிஸ்ட் ஆனதுதானே? அப்படியென்றால் ஒரு வருஷம் தாண்டினாலே நீண்டகால லாபம், ஒன்றேகால் லட்சம் வரை வரியும் கிடையாது என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கட்ட வேண்டியது எதுவும் வராது.

கணக்குப்பிள்ளை_மகன்:

பனங்காடு, அந்த ஒன்றேகால் லட்சம் சலுகை இங்கே எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) கட்டி விற்கும் ஷேருக்கும் ஈக்விட்டி ஃபண்டுக்கும்தான். வெளிநாட்டில் லிஸ்ட் ஆகியிருப்பது நம் வருமானவரிச் சட்டத்துக்கு லிஸ்ட் ஆனதாகக் கணக்கில்லை. அதனால் 24 மாதம் தாண்டி வைத்திருந்தால்தான் நீண்டகாலம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5%, இண்டெக்ஸேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்கவிலையை ஏற்றிக்கொள்வது) இல்லை. 24 மாதத்துக்குள் விற்றால் மொத்த லாபமும் உங்கள் ஸ்லாபில் போய்ச் சேரும்.

வைகைக்கரை, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மே 2022-இலிருந்து டிசம்பர் 2024, இரண்டரை வருஷத்துக்கு மேல், எனவே நீண்டகாலம். வாங்கிய விலை பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள், இதைப் பலர் செய்துவிட்டு வரியை இரண்டு முறை கட்டுகிறார்கள். எந்த மதிப்புக்கு அன்று சம்பள வரி பிடித்தார்களோ அதுதான் உங்கள் அடக்கவிலை. 2022-23 ஃபார்ம் 16-உடன் வந்த 12பிஏ தாளையும் (சம்பளத்துக்கு மேல் கம்பெனி கொடுத்தவற்றின் மதிப்பைக் காட்டுவது) கம்பெனி கொடுத்த வெஸ்டிங் (ஷேர் உங்கள் பேருக்கு வந்து சேர்ந்த) விவரத்தையும் எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு அதில் ஒரு ஷேர் 7,600 ரூபாய் என்று இருந்தால் 20 ஷேருக்கு 1,52,000. விற்றது 3,000 டாலர். இதை ரூபாயாக்க பணம் வங்கிக்கு வந்த நாள் ரேட் எடுக்கக் கூடாது. விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஸ்டேட் பேங்க் போட்ட டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலைதான் சட்டத்தில் சொன்ன ரேட். உங்களுக்கு அது 2024 நவம்பர் கடைசி. 84 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,52,000. லாபம் ஒரு லட்சம், வரி 12,500, செஸ் 4% சேர்த்து 13,000. இந்த லாபத்தின் மேல் அமெரிக்கா உங்களிடம் எதுவும் எடுக்கவில்லை, அங்கே வசிக்காதவர் ஷேர் விற்ற லாபத்துக்குப் பொதுவாக அங்கே வரி இல்லை. முழுக்க இங்கேதான்.

டிவிடெண்டுக்கு வருவோம். கைக்கு வந்த 90 டாலரைக் காட்டாதீர்கள், 120-ஐக் காட்ட வேண்டும். ஸ்லாப் 30%, செஸ்ஸோடு 31.2%, அதாவது 37.44 டாலர். அங்கே பிடித்த 30-ஐக் கழித்துக்கொண்டு மீதி ஏழரை டாலர் அளவுக்குத்தான் இங்கே கட்டுவீர்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் ஒப்பந்தம் இருப்பதால்தான் 25% பிடித்தார்கள், டபிள்யூ-8பென் (அமெரிக்காவில் வசிக்காதவர் என்று புரோக்கரிடம் கொடுக்கும்) படிவம் கொடுக்காதவர்களுக்கு 30% போகும். அந்தப் படிவம் கையெழுத்திட்ட வருஷமும் அடுத்த மூன்று வருஷமும்தான் செல்லும், உங்களுடையது எப்போது கொடுத்தது என்று பாருங்கள். இன்னொன்று, 20% ஸ்லாபில் இருப்பவருக்கு இங்கே வரியே 20.8 தான் என்பதால் கழிவும் அதுவரைக்கும்தான் கிடைக்கும், மிச்சம் 4.2 திரும்ப வராது.

கழிவு வேண்டுமென்றால் படிவம் 67-ஐ முதலில் ஆன்லைனில் போட்டுவிட்டு அப்புறம் ரிட்டர்ன் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 1042-எஸ் (அங்கே பிடித்த வரியைக் காட்டும் தாள்) ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு, நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச். எனவே 2025 ஜனவரி–மார்ச் டிவிடெண்டுக்குப் புரோக்கரின் மாத ஸ்டேட்மெண்டை எடுத்து வையுங்கள்.

மேகலை_க:

மேலே தம்பி சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் வைகைக்கரை, உங்கள் விஷயத்தில் வரியை விடப் பெரியது ஷெட்யூல் எஃப்ஏ, அதாவது ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் அட்டவணை. வெளிநாட்டில் ஒரே ஒரு ஷேர் உங்கள் பேரில் இருந்தாலும், விற்காமல் சும்மா கிடந்தாலும், ஐடிஆர் 1 போடவே கூடாது. ஐடிஆர் 2.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் இதே மாதிரி ஆர்எஸ்யூ. எங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவர், விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஐடிஆர் 1 போட்டுக் கொடுத்தார். 2024 நவம்பரில் வருமானவரித் துறையிலிருந்து எஸ்எம்எஸ், உங்களுக்கு வெளிநாட்டுச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, ரிட்டர்னைத் திருத்துங்கள் என்று. அன்று ராத்திரி தூங்கவே இல்லை. கறுப்புப் பணச் சட்டம் 2015-இல் எஃப்ஏ காட்டாததற்கு அபராதம் பத்து லட்சம் என்று படித்ததும் கை நடுங்கியது, என்னிடம் இருந்த ஷேரின் மொத்த மதிப்பே ஆறு லட்சம்தான். டிசம்பர் 31-க்குள் அந்த வருஷ ரிட்டர்னைத் திருத்திப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் தவிர்த்த சொத்துகள் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்தப் பத்து லட்சம் அபராதம் இல்லை என்று மாற்றியிருக்கிறார்கள். அதற்காகக் காட்டாமல் விடலாம் என்று அர்த்தமில்லை, காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் சக ஊழியரிடம் சொல்லுங்கள், அமெரிக்காவோடு 2015-இலேயே தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டாயிற்று. ஏஐஎஸ்ஸில் தெரியவில்லை என்பதால் அவர்களுக்குத் தெரியாது என்று ஆகிவிடாது.

எஃப்ஏ நிரப்பும்போது எல்லோரும் தடுமாறும் இடம் தேதிதான். அது காலண்டர் வருஷம். இந்த முறை போடுவதில் 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எந்த நாளில் வைத்திருந்தாலும் வர வேண்டும், ஆகவே டிசம்பரில் விற்ற 20-உம் சேர்த்து 40 ஷேருமே வரும். ஏ3 அட்டவணையில் ஆரம்ப மதிப்பு, அந்த வருஷத்தின் உச்ச மதிப்பு, கடைசி நாள் மதிப்பு, வந்த டிவிடெண்ட், விற்ற தொகை என்று தனித்தனிக் கட்டம். உச்ச மதிப்புக்கு நான் ஷேரின் தினசரி விலையை எக்ஸெலில் இறக்கி, நான் வைத்திருந்த நாட்களில் அதிக விலை எது என்று பார்த்து, அந்த நாளின் ஸ்டேட் பேங்க் ரேட்டால் பெருக்கினேன். ஒரு மாலைப் பொழுது போகும், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் உங்களுக்குப் புதிதாக ஏதாவது வெஸ்ட் ஆகியிருந்தால் அது இந்த வருஷ ஃபார்ம் 16-இல் இருக்கும், ஆனால் எஃப்ஏவில் அடுத்த வருஷம்தான் வரும். குழம்பிவிடாதீர்கள். இன்னும் வெஸ்ட் ஆகாததைக் காட்ட வேண்டியதில்லை.

வைகைக்கரை:

மேகலை அக்கா, கணக்குப்பிள்ளை சார், இருவருக்கும் மிக்க நன்றி. 12பிஏவைத் தேடி எடுத்துவிட்டேன், ஷேருக்கு 7,412 என்று இருக்கிறது. முந்தைய வருஷங்களில் விட்டுப்போன டிவிடெண்டுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?

கணக்குப்பிள்ளை_மகன்:

முடியும், அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு (அதாவது 2023-24 நிதியாண்டு வருமானத்துக்கு) 2026 மார்ச் 31-க்குள் போட்டால், கூடுதலாக வரும் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் இன்னும் 25%. அதற்கு முந்தைய 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு அதே 2026 மார்ச் 31-க்குள் போட்டால் 50%. உங்கள் டிவிடெண்ட் தொகைக்கு இதெல்லாம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. அமெரிக்காவில் பிடித்ததற்கான கழிவும் கிடைக்கும், அப்டேட்டட் ரிட்டர்ன் போடும் நாளுக்குள் அந்த வருமானத்துக்கான படிவம் 67-ஐப் போட்டிருக்க வேண்டும். அந்த ரிட்டர்னிலேயே எஃப்ஏவையும் நிரப்புங்கள்.

பனங்காடு:

நான் சொன்னது தப்பு, திருத்தியதற்கு நன்றி. நானும் இந்த வருஷம் நேரடியாக அமெரிக்க ஷேர் வாங்கலாம் என்று இருக்கிறேன். பணம் அனுப்பும்போதே 20% பிடிப்பார்களாமே?

மேகலை_க:

2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) கிடையாது. அதற்கு மேல் போகும் தொகைக்குத்தான் 20%, அதுவும் உங்கள் வரிக்கணக்கில் வரவாக நிற்கும், ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதி உண்டு. அனுப்பிய பணத்தை முதலீடு செய்யாமல் அங்கே 180 நாளுக்கு மேல் சும்மா போட்டு வைக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்காக ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கம்பெனி ஷேர் வைத்திருப்பவர் இறந்துவிட்டால், அவர் அமெரிக்கர் இல்லையென்றாலும், அங்கே எஸ்டேட் வரி உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு விலக்கு 60,000 டாலர் வரைதான், அதற்கு மேல் 40% வரை போகும். வருமானவரிக்கு இருப்பது போல் இதற்கு இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லை. தொகை அந்த அளவை நெருங்கினால் அப்போதே யோசியுங்கள். கணக்கு எண், புரோக்கர் விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். என் கணவருக்கு நான் போன மாதம்தான் எழுதிக் கொடுத்தேன்.

வைகைக்கரை:

எஸ்டேட் வரி பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மீதி 20 ஷேர் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனால் அம்மாவிடம் விவரம் கொடுத்துவிடுகிறேன். படிவம் 67 இன்று ராத்திரி போடுகிறேன், ஐடிஆர் 2-வில் எங்கேயாவது சிக்கினால் இங்கேயே கேட்கிறேன்.