அக்காவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது, ஓட்டர் லிஸ்ட்டில் சேர எந்தப் பேப்பர் வேண்டும்?

அயனாவரத்தான்:
அக்கா டல்லாஸ் பக்கம் பதினாலு வருஷமாக இருக்கிறாள். போன மாதம்தான் உறுதிமொழி எடுத்துக் குடிமகள் ஆனாள். இன்னும் ஓட்டுக்குப் பதியவில்லை. சிக்கல் பெயரில். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் இனிஷியல். அவள் முதல் பாஸ்போர்ட்டில் வெறும் ஒற்றைப் பெயர் இருந்ததால், விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடித்துவிட்டார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிட, இவளும் எழுந்து போயிருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் மாமா பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மூன்று பேப்பரில் மூன்று பெயர். ஓட்டுக்குப் பதியக் குடியுரிமைச் சான்று காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வருகிறதாமே, வந்துவிட்டதா இல்லையா? அம்மா இங்கே எஸ்ஐஆர் என்ற வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்த நேரத்தில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, எதற்கும் அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டைக் கூரியரில் அனுப்பு என்று தினமும் என்னை அரிக்கிறாள்.

திரும்பி வந்தவன்:
மார்க்‌ஷீட் அலமாரியிலேயே இருக்கட்டும், அது அங்கே செல்லாது.

நீங்கள் சொல்வது சேவ் சட்டம். 2025 ஏப்ரல் 10-ம் தேதி பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 208 என்று நிறைவேறியது. 2024-லும் ஒரு தடவை அந்தச் சபையில் நிறைவேறி, மேல்சபையான செனட்டில் நகரவில்லை. அங்கே விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும், குடியரசுக் கட்சிக்கு 53 பேர்தான். அதிபர் 2025 மார்ச்சில் சான்று கேட்கச் சொல்லி உத்தரவு போட்டுப் பார்த்தார், நீதிமன்றம் நிறுத்திவிட்டது. பழைய முறை 1993 சட்டத்தில் வந்தது: படிவத்தில் 'நான் குடிமகன்' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும், பொய் என்றால் ஜெயில். குடிமகன் அல்லாதவர் பொய் சொல்லிப் பதிந்தால் நாடு கடத்தவும் செய்வார்கள், அந்தப் பயத்தில் கிரீன் கார்டுக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் படிவத்துக்குக் கிட்டேயே போக மாட்டார்கள்.

புதுச் சட்டம் வந்தால் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழோடு போட்டோ அடையாள அட்டை, இல்லை குடியுரிமைச் சான்றிதழ் என்று ஏதாவது கேட்பார்கள், தபாலில் விண்ணப்பித்தாலும் பேப்பரை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே பெண்கள் சங்கங்கள் கத்துவதும் உங்கள் அக்கா கதைதான்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு பெயர். பெயர் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு மாநிலமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மசோதாவிலேயே விட்டுவிட்டார்கள்.

அக்காவைச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டெக்சாஸில் படிவத்தை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும், தேர்தலுக்கு 30 நாள் முன்னாலேயே தபாலில் போட்டுவிட வேண்டும். அப்படியே பாஸ்போர்ட்டுக்கும் போட்டுவிடட்டும். முதல் தடவை 165 டாலர் ஆகும், குடியுரிமைச் சான்றிதழின் ஒரிஜினலையே விண்ணப்பத்தோடு நேரில் கொடுத்துவிட வேண்டும். அது திரும்பி வரும்வரை என் மனைவி தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தது எனக்குத்தான் தெரியும். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் லைசென்ஸிலும் ஒரே பெயர் இருந்துவிட்டால் பழைய ஃப்னூவை மறந்துவிடலாம்.

மாம்பலம் மெயில்:
எனக்கு ஒன்று புரியவில்லை. சிலிண்டருக்கு கேஒய்சி, சிம் கார்டுக்குக் கைரேகை, திருப்பதி தரிசனத்துக்கு ஆதார். நாட்டை யார் ஆள்வது என்று முடிவு பண்ணும் விஷயத்துக்கு மட்டும் 'நம்புங்க சார்' என்றால் போதுமா? பேப்பர் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

திரும்பி வந்தவன்:
@மாம்பலம் மெயில் கேட்பது தப்பில்லை சார், கேட்டால் யார் மாட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கான்சாஸ் மாநிலம் இதைச் செய்தே பார்த்தது. 2013-ல் அமலுக்கு வந்தது, சுமார் 31,000 பேர் பதிய முடியாமல் நின்றார்கள். வழக்கு 2018-ல் தீர்ப்புக்கு வந்தபோது, 19 வருஷத்தில் அதிகபட்சம் 39 வெளிநாட்டவர்தான் பட்டியலுக்குள் வந்திருக்கிறார்கள் என்று நீதிபதி கணக்குச் சொல்லிச் சட்டத்தை ரத்து செய்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. வெளியே நின்ற 31,000 பேரில் பெரும்பாலோர் அசல் குடிமக்கள், கையில் பேப்பர் இல்லாதவர்கள். அரிசோனாவில் 2004-லிருந்தே சான்று கேட்கிறார்கள். அங்கே பழைய லைசென்ஸ் கணக்கில் நடந்த ஒரு குளறுபடியால் சுமார் 2,18,000 பேரைச் சான்று கொடுத்தவர்கள் என்று கம்ப்யூட்டர் வருஷக்கணக்கில் தப்பாகவே காட்டிக்கொண்டிருந்தது 2024-ல்தான் தெரிந்தது.

கேஒய்சி இல்லாவிட்டால் சிலிண்டர் ஒரு வாரம் தள்ளி வரும். தேர்தல் தள்ளி வராதே.

பிஎல்ஓ டீச்சர்:
நான் பள்ளி ஆசிரியை, 2025 நவம்பரில் பிஎல்ஓவாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக, எஸ்ஐஆருக்கு வீடு வீடாக அலைந்தவள். பட்டியலில் பெயர் சேர்க்கும் நம் படிவம் 6-லும் குடிமகன் என்று உறுதிமொழிதான், பொய்யென்றால் ஒரு வருஷம் வரை சிறை. எஸ்ஐஆரில்தான் 2002, 2005 பழைய பட்டியலில் உன் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே என்று கேட்டோம். ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் புத்தகம், வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பிவிட்டு, "இதுல எது வேணும்னு நீயே எடுத்துக்கம்மா" என்றார். பழைய பட்டியலில் இருந்த புரசைவாக்கம் தொகுதியே 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது, ஜனங்கள் அது தெரியாமல் எழும்பூரிலும் வில்லிவாக்கத்திலும் தேடினார்கள். பாட்டி பெயர் கிடைத்தபோது அதில் கணவர் பெயர் இடத்தில் மாமனார் பெயர் இருந்தது!

பொய் சொல்ல மாட்டேன், என் பாகத்தில் இறந்துபோனவர்கள் பெயர் நிறையவே இருந்தது, அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வாடகை வீடு மாறிப் போனவர்கள், நான் மூன்று தடவை போயும் கதவு பூட்டியிருந்தவர்கள், அவர்களும் அதே கணக்கில் போனார்கள். வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயர் குறைந்தது, சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல்.

அயனாவரத்தான் தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் அக்கா பெயர் இங்கே பட்டியலில் இன்னும் இருக்கிறதா? வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை எடுத்தாலும் ஓட்டு கிடையாது. பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டையும் அவர் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அயனாவரத்தான்:
டீச்சர், நீங்கள் கேட்டதும்தான் போய்ப் பார்த்தேன். இருக்கிறது! எஸ்ஐஆர் படிவத்தில் அம்மாவே அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், "அவ எப்படியும் திரும்பி வருவா" என்றாளாம். அப்போது அவள் இந்தியக் குடிமகள்தான், இருந்தாலும் இங்கே குடியிருக்கவில்லையே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா பெயர், இனிஷியல், எழுத்து, எல்லாம் சரியாக இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அக்காவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை, அப்புறம் "எடுத்துடு டா" என்று மட்டும் வந்தது. படிவம் 7 எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.