புதுப்பிப்பு: 50 வெள்ளித் தீபாவளி என்ன ஆனது?

பரிசு, வீட்டு அலங்காரம் எல்லாவற்றையும் 50 சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) முடிக்க முடியுமா என்று போன மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். 57 ஆகிவிட்டது. அந்த 7 வெள்ளி, தேக்காவில் (லிட்டில் இந்தியா) கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்த மல்லிகைச் சரத்துக்கு. அதில் வருத்தமில்லை.

நீங்கள் சொன்ன வண்ண அரிசிக் கோலம்தான் பெரிய வெற்றி. ஒரு கப் அரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், சில சொட்டு உணவு வண்ணம், ஒரு பிளாஸ்டிக் பை, நன்றாகக் குலுக்கினால் போதும். முதல் தடவை நிறம் பளிச்சென்று வர வேண்டும் என்று தண்ணீரும் ஊற்றிவிட்டேன். நம் ஊர் ஈரக் காற்றில் அது காயவே இல்லை. மறுநாள் காலையில் பச்சைக் கொழுக்கட்டையாகக் கிடந்தது. இரண்டாவது தடவை நாளிதழில் மெல்லப் பரப்பி, இரவு முழுக்க மின்விசிறிக்கடியில் வைத்தேன். சரியாக வந்தது.

கோலத்தைத் தரையில் போடாமல் பழைய அட்டையில் போட்டு வாசலுக்கு உள்ளேயே வைத்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே.

பரிசுக்குக் கழுவிய ஜாம் பாட்டில்களில் முறுக்கு. மூடியில் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார், உள்ளே அவர் செய்த சம்பலோடு. துணியை மட்டும் வைத்துக்கொண்டார்.